படிக்கட்டாக விழுந்த மரங்கள்

அத்தியாயம் 9

"இவ்வளவு நல்ல திருடனை நான் பார்த்ததே இல்ல மேடம்," என்றேன். "இருநூறு மரத்தை வெட்டிட்டு, எடுத்துட்டுப் போக மறந்துட்டான்."

மேடம் சிரிக்கவில்லை. காலையிலிருந்தே அவர் சிரிக்கவில்லை. மணி பத்து. மாலை நான்கு மணிக்கு, காட்டின் புது வரைபடத்தில் கையெழுத்துப் போட வனக் கமிட்டி கூடுகிறது. ஐந்து மணிக்கு வனக்காவலரைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். அதற்குள் உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும். கையிலிருந்தது ஒரு பாட்டில் தண்ணீரும் என் முழங்கால் வலியும்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பதினெட்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவன். வேலையை விட்ட பிறகும் எல்லாரும் என்னை 'ரைட்டு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மேடம் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தார். உண்மையை ரொம்பவும் கண்டுபிடித்ததால் அங்கே அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. இப்போது சொந்த ஆபீஸ். இரண்டு நாற்காலி, அதில் ஒன்றுதான் ஆடாது.

எங்களை அந்த மலைக்காட்டுக்குக் கூட்டி வந்தவர் காவலரின் அக்கா. தையல் கடை வைத்திருக்கிறார். அம்மா அப்பா இல்லாத தம்பியைப் பத்து வயதிலிருந்து வளர்த்தவர். ஒன்பது நாளுக்கு முன்னால் அந்தத் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தத் தம்பி காவல் பார்க்கிற பகுதியில் மரம் விழுந்திருக்கிறது, அவருடைய குவார்ட்டர்ஸில் ரம்பம் கிடைத்திருக்கிறது. போலீசுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பிடிபட்ட நாளிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை என்பது அவர்களுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

"என் தம்பி ஒரு இலையைக்கூடக் கிள்ள மாட்டான் மேடம்," என்று அக்கா அன்று காலையில் மட்டும் ஆறாவது முறையாகச் சொன்னார்.

மேடம் கீழே பார்த்தார். மலைக்கு அடியில் ஏரி தெரிந்தது. நகரம் முழுக்கக் குடிக்கிற தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிற காடு இது. இரண்டு பெரிய காடுகளும், நடுவில் அவற்றைச் சேர்க்கிற ஒரு குறுகலான கழுத்தும். அந்தக் கழுத்தைத்தான் யாரோ குறுக்கே அறுத்திருந்தார்கள்.

"ரைட்டு, இந்த வெட்டுக்குள்ள இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடங்க. காலடியை எண்ணுங்க."

"டிக்கெட் எடுக்கணுமா மேடம்?"

"நடங்க."

நடந்தேன். நாற்பது அடி எடுத்து வைத்ததும் வெட்டு சட்டென்று இடது பக்கம் திரும்பியது. அங்கே நாற்பது. பிறகு வலது பக்கம், மறுபடி நாற்பது. வழியில் லாரி அளவு பாறை ஒன்று. வெட்டினவன் அதைச் சுற்றிப் போகவில்லை, இந்தப் பக்கம் வெட்டி, அந்தப் பக்கம் அதே கோட்டில் தொடர்ந்திருக்கிறான். ஓடையையும் மதிக்கவில்லை, சரிவையும் மதிக்கவில்லை. கிளைகளில் தடுக்கி, முள்ளில் கிழிபட்டு, எதிர் முனைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"ஒன்பது திருப்பம். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நாற்பது காலடி. மாடிப்படியைப் படுக்க வெச்ச மாதிரி இருக்கு மேடம்."

"நாற்பது காலடின்னா உங்க காலுக்கு முப்பது மீட்டர்," என்றார் மேடம். "மரம் வெட்டறவன் சரிவைப் பார்த்து வெட்டுவான், இல்ல லாரி வர்ற வழியைப் பார்த்து வெட்டுவான். முப்பது மீட்டருக்கு ஒரு தடவை செங்கோணமா திரும்பறதுக்கு அவனுக்கு என்ன வேண்டுதலா?"

பிறகு அவர் ஒரு அடிமரத்தின் பக்கத்தில் குனிந்தார். நானும் குனிந்தேன். திருடன் தரையோடு ஒட்ட வெட்டுவான், கட்டை வீணாகாது. இது முழங்கால் உயரத்தில் வெட்டியிருந்தது. அதுவும் மழைத் தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும்படி சாய்வாக. பட்டையின் ஓரத்தில் பச்சையாகத் தளிர் விட்டிருந்தது. அடுத்த மரமும் அப்படியே. அதற்கு அடுத்ததும்.

மேடம் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகலாம்," என்றார் மேடம். "வனத்துறை வரைபட அறைக்கு."

மலை இறங்கும்போது அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வரைபடப் பிரிவு ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. அக்காவை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனோம். மணி ஒன்று நாற்பது. பெரிய பெயராக இருந்தாலும் அந்தப் பிரிவில் மொத்தம் இரண்டே பேர். மேலாளர் இஸ்திரி கலையாத சட்டையும், படிய வாரிய நரை முடியும், வாய் நிறையச் சிரிப்புமாக இருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் ஆபரேட்டர் பெண். நாங்கள் போன நேரம் தொடங்கி அந்தப் பெண் எங்களை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"பாவம் அந்தக் காவலர்," என்றார் மேலாளர், நாங்கள் கேட்காமலே. "நல்ல பையன்னுதான் நினைச்சேன். யாரை நம்பறதுன்னே தெரியல."

"எங்களுக்கு வரைபடம்னா ஒண்ணும் புரியாது சார். கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன்," என்றார் மேடம். அவர் இப்படிப் பணிவாகக் கேட்டால் எதிராளி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மேலாளருக்கு அது தெரியவில்லை. உற்சாகமாகிவிட்டார்.

"ரொம்ப சுலபம்மா. மேல வானத்துலேர்ந்து படம் எடுப்பாங்க. அதை நாங்க கட்டம் கட்டமா பிரிச்சுப் பார்ப்போம். ஒரு கட்டம் முப்பது மீட்டர். காடுன்னா பச்சை, வெறும் தரைன்னா மஞ்சள். ஒட்டிக்கிட்டிருக்கிற பச்சைக் கட்டமெல்லாம் சேர்ந்தா ஒரு காடு."

"அந்த ஒரு காடு எவ்வளவு பெரிசா இருந்தா பாதுகாப்பு?"

"ஐநூறு ஹெக்டேர். அதுக்குக் குறைஞ்சா பாதுகாப்புப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவோம். இது முன்னாடி எழுநூத்தி எண்பது இருந்தது. இப்போ பாருங்க, நானூத்திப் பத்து ஒண்ணு, முன்னூத்தி எழுபது ஒண்ணு." உச்சுக் கொட்டினார். "ரெண்டுமே போச்சு. சட்டம்னா சட்டம். என்ன பண்றது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டை யாருக்கு வேண்டும்? ஒரு ஹெக்டேர் மரத்தைச் சாய்த்துவிட்டு எழுநூற்று எண்பது ஹெக்டேர் காட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். பட்டியலிலிருந்து போன பிறகு அந்த மலையைக் கல்குவாரிக்குக் கொடுக்கலாம், எதற்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். என் கை தானாக முஷ்டி பிடித்தது. மேடம் என் காலை மெல்ல மிதித்தார்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். ரெண்டு பச்சைக் கட்டம் பக்கத்தோட பக்கம் ஒட்டாம, மூலைக்கு மூலை மட்டும் தொட்டுக்கிட்டு இருந்தா? அது ஒரே காடா, ரெண்டா?"

"ஆகா, நல்ல கேள்வி!" மேலாளர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். "ஒரே காடுதான். மூலை தொட்டாலும் தொட்டதுதான். முப்பது வருஷமா எங்க விதி அதுதான்."

கீபோர்டில் ஆபரேட்டர் பெண்ணின் விரல்கள் நின்றுவிட்டன.

மேடம் எழுந்தார். "ரொம்ப நன்றி சார். நாலு மணிக்குக் கமிட்டியில பார்க்கலாம்."

"நாலு மணிக்கா?" மேலாளர் அதே சிரிப்போடு போனை எடுத்தார். எங்கள் கண் முன்னாலேயே கமிட்டித் தலைவரைக் கூப்பிட்டார். "சார், எல்லாம் தயார். உங்களுக்கும் அலைச்சல் வேண்டாமே, மூணு மணிக்கே முடிச்சிடலாமா? ... ரொம்ப சந்தோஷம் சார்."

போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "மூணு மணிக்கு வாங்கம்மா."

எங்களுக்கு இருந்த கொஞ்ச நேரத்தில் ஒரு மணி நேரத்தை அந்த மனுஷன் எங்கள் எதிரிலேயே பிடுங்கிக்கொண்டார்.

வராந்தாவுக்கு வந்து பத்தடி நடந்திருப்போம். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஆபரேட்டர் பெண். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், சார் சொன்னது பழைய விதி."

"எப்ப மாறிச்சு?"

"மூணு மாசம் ஆச்சு. மூலை தொட்டா சேர்த்தி இல்ல, பக்கத்தோட பக்கம் ஒட்டினாதான் ஒரே காடுன்னு தலைமை ஆபீஸ்லேர்ந்து சுற்றறிக்கை வந்தது. சார்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். ஆனா படிக்கல. நான் எதை நீட்டினாலும் போட்டுடுவார். அவர் நாற்காலிக்குப் பின்னாடி சுவத்துலதான் அதை ஒட்டியிருக்கேன். ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்ல."

"மரம் வெட்ட ஆரம்பிச்சது ரெண்டு மாசத்துக்கு முன்னாடி," என்றார் மேடம். அவர் குரல் தாழ்ந்துவிட்டது. குரல் தாழ்ந்தால் விஷயம் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். "ரைட்டு, இந்த டைல்ஸ் மேல நில்லுங்க. நீங்கதான் ரம்பம். குறுக்கா, மூலை வழியா அடுத்த டைல்ஸுக்குப் போங்க. அப்படியே ஆறு டைல்ஸ்."

போனேன். போகிற வருகிற குமாஸ்தாக்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பாண்டி விளையாடுகிற வயதா எனக்கு?

"நீங்க மிதிச்ச ஆறு டைல்ஸும் வெட்டின இடம். ரெண்டு பக்கமும் காடு. இப்ப கீழ பாருங்க, ஒவ்வொரு தாவலிலும் இந்தப் பக்கக் காடும் அந்தப் பக்கக் காடும் மூலையில தொட்டுக்கிட்டு நிக்குது. புது விதிப்படி அது சேர்த்தி இல்ல, ஆறு கட்டத்தோட காடு ரெண்டாப் போச்சு. வேலை முடிஞ்சது. ஆனா பழைய விதியையே நம்பிக்கிட்டிருக்கிறவன் என்ன பண்ணுவான்?"

"அந்த மூலையையும் அடைப்பான்," என்றேன். "ஒவ்வொரு தாவலுக்கும் இன்னொரு டைல்ஸ் வெட்டுவான். அப்பத்தான் படிக்கட்டு வரும்!"

"அஞ்சு கட்டம் அதிகம். நூறு மரம். காட்டுல அதுக்கு ஒரு காரணமும் கிடையாது. வெட்டினது வெளியாள் இல்ல, கட்டத்தைப் பத்தித் தெரிஞ்ச ஆள் சொல்லி வெட்டினது. இந்த ஆபீஸ்ல அது ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தங்க சுற்றறிக்கையைப் படிச்சவங்க, இன்னொருத்தர் படிக்காதவர்."

ஆபரேட்டர் பெண் சுவரில் சாய்ந்துகொண்டார். "படத்துல அந்தப் படிக்கட்டைப் பார்த்தப்பவே உறுத்திச்சு மேடம். கேட்கத்தான் தைரியம் வரல. சார் அதைப் படிச்சிருந்தா நூறு மரமாவது நின்னிருக்கும்." அவர் கண் கலங்கியது.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அவ்வளவுதானே மேடம், ஆளைப் பிடிச்சாச்சு! வாங்க, போட்டு உடைச்சிடலாம்."

"ஆள் கட்டத்தைக் காட்டினான். ரம்பம் யார் கையில இருந்தது?"

என் உற்சாகம் அங்கேயே இறங்கிவிட்டது. மேடம் நேராகப் பெஞ்சுக்குப் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, வெட்டினது உங்க தம்பிதான்."

அக்கா துள்ளி எழுந்தார். "என்ன மேடம் பேசறீங்க? நீங்களுமா? அவன் ஒரு இலையைக்கூட..."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். மறுபடி துளிர்க்கட்டும்னு முழங்கால் உயரத்துல சாய்வா வெட்டியிருக்கார். மரத்து மேல பிரியம் இருக்கிறவன் வெட்டின வெட்டு அது. காலையில நீங்களும் அதைப் பார்த்தீங்க, உடனே முகத்தைத் திருப்பிட்டீங்க."

அக்கா மெல்ல உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"மேலாளர்தான் சொன்னாராம்," என்றார் கடைசியில். "அந்த மரத்துக்கெல்லாம் நோய், வெட்டலேன்னா காடு முழுக்கப் பரவிடும், யார்கிட்டயும் சொல்லாதே, பயந்துடுவாங்கன்னு. மூணு வாரம் தனியா வெட்டினான். தினமும் ராத்திரி வந்து சாப்பிடாம படுத்துடுவான். அப்புறம் அந்த மனுஷனே இவன் மேல புகார் கொடுத்துட்டார்."

"இதை ஏன் எங்ககிட்ட முதல்லயே சொல்லல?"

"வெட்டினான்னு சொன்னா யார் மேடம் விடுவாங்க? வாயைத் திறக்காதேடா, நான் பார்த்துக்கறேன்னு நான்தான் அவன்கிட்ட சத்தியம் வாங்கினேன்."

"ஒவ்வொரு முப்பது மீட்டருக்கும் எங்கே திரும்பணும்னு உங்க தம்பிக்குக் காட்டுக்குள்ள எப்படித் தெரிஞ்சது? வாயால சொல்லி அது முடியாது. எழுதிக் கொடுத்திருக்கணும். அந்தக் காகிதம் எங்க?"

"காகிதமெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றார் அக்கா. ரொம்ப வேகமாகச் சொன்னார்.

மேடம் வற்புறுத்தவில்லை. எனக்கோ அந்த அம்மாவைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது, அதே சமயம் பாவமாகவும் இருந்தது. மணி இரண்டு ஐம்பது.

கமிட்டி அறையில் நீளமான மேசை. தலைவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் புது வரைபடம், கையெழுத்துக்குக் காத்துக்கொண்டு. வாசல் பக்கம் ஒரு போலீஸ்காரரும், அவர் பக்கத்தில் காவலரும் நின்றார்கள். வாக்குமூலம் கொடுக்க விரும்பினால் கொடுக்கட்டும் என்று கடைசியாகக் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்பது நாள் தாடி. தரையைப் பார்த்தபடி நின்றார். அக்கா அவரைத் தாண்டிப் போய்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்தார்.

மேடம் எல்லாவற்றையும் ஐந்தே நிமிடத்தில் சொல்லி முடித்தார். படிக்கட்டு, கட்டம், மூலை, பழைய விதி, புது விதி. தலைவர் வரைபடத்தை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆபரேட்டர் பெண் சுற்றறிக்கையைக் கொண்டுவந்து வைத்தார். அதன் கீழே மேலாளரின் கையெழுத்து அழகாக இருந்தது. மேலாளரின் முகத்தில் சிரிப்பு ஒரு நொடி அணைந்தது. ஒரே ஒரு நொடிதான்.

"நான் ஒரு அறிக்கையைப் படிக்கல, தப்புதான்," என்றார் நிதானமாக. "அதுக்காக நான் மரம் வெட்டினேன்னு ஆயிடுமா சார்? இந்த வயசுல மலை ஏறவே எனக்கு மூச்சு வாங்கும். திருடன் கோணல்மாணலா வெட்டினான், இவங்க அதுல படிக்கட்டைப் பார்க்கறாங்க. காவலர் வெட்டலேன்னுதான் அவர் அக்கா சொல்றாங்களே, அப்போ நான் யார்கிட்ட சொல்லி வெட்டினேனாம்?"

அந்த ஆள் சரியான இடத்தில்தான் கை வைத்திருந்தார். காவலர் வெட்டவில்லை என்றால் மேலாளர் யாருக்கும் உத்தரவு போடவில்லை. காவலர் வெட்டினார் என்றால் அவருக்கு ஜெயில்.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, வரைபடத்தை மாத்தறதுக்காகவே வெட்டினதுன்னு நிரூபிச்சா இந்த வரைபடம் செல்லாது. காடு பழையபடி ஒரே காடாத்தான் கணக்கு. ஆனா நீங்க சொல்றது நல்ல யூகம், சாட்சி இல்ல. வெறும் திருட்டுன்னா நான் கையெழுத்துப் போட்டே ஆகணும்." காவலரைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்றீங்களா?"

காவலர் உதட்டைக் கடித்துக்கொண்டார். தலை நிமிரவில்லை.

தலைவர் பேனாவைக் காகிதத்துக்குக் கொண்டுபோனார். மேடம் கை இரண்டையும் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். நான் சாமி கும்பிடாத ஆள், அன்று என்னையும் அறியாமல் ஏதோ முணுமுணுத்தேன்.

"சார், ஒரு நிமிஷம்."

அக்கா எழுந்து நின்றார். ரவிக்கைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். வியர்வையில் நைந்து போயிருந்தது. மேசை வரைக்கும் நடந்து வந்து, புது வரைபடத்தின் மேலேயே அதை விரித்து வைத்தார்.

"இதை எரிக்கணும்னு பல தடவை தீப்பெட்டியை எடுத்தேன் சார். மனசு வரல. வெட்டினது என் தம்பிதான். எங்கெங்க வெட்டணும்னு இந்த மேலாளர் கைப்பட எழுதிக் கொடுத்தது இது."

தலைவர் குனிந்து படித்தார். 'நோய் மரங்கள், 11 இடம்' என்று தலைப்பு. கீழே வரிசையாக எண்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று. சுற்றறிக்கைக் கையெழுத்தையும் அந்த எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடினார். மேலாளர் எழுந்திருக்கப் பார்த்தார். போலீஸ்காரர் கதவை மறித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துத் திரும்பவும் உட்கார்ந்தார்.

"இதனால உங்க தம்பி மேலயும் கேஸ் நிக்கும், தெரியுமாம்மா?" என்றார் தலைவர்.

"தெரியும் சார்." அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

காவலர் தலை நிமிர்ந்தார். ஒன்பது நாள் கழித்து முதல் முறையாக அவர் குரல் வெளியே வந்தது. கரகரத்துப் போயிருந்தது.

"அக்கா, இப்பவாவது நான் பேசலாமா?"

"பேசுடா," என்றார் அக்கா.